இரும்பில் எழுதிய எழுத்து

ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தவர்களுக்கு டாக்டர் வாட்ஸனின் கடிகாரம் ஞாபகம் இருக்கும். 1890-ல் வெளிவந்த ‘நால்வர் சின்னம்’ என்ற நாவலின் முதல் அத்தியாயத்தில் அது வருகிறது. பழைய கடிகாரம் ஒன்றை ஹோம்ஸின் கையில் கொடுத்து, அதை வைத்திருந்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லச் சொல்கிறார் வாட்ஸன். ஹோம்ஸ் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்க்கிறார். ஊசிமுனையால் கீறிய நம்பர்கள் நான்கு தெரிகின்றன. லண்டன் அடகுக் கடைக்காரர்களுக்குச் சீட்டு நம்பரை இப்படிக் கீறி வைப்பது பழக்கம். ஆக, கடிகாரம் நான்கு தடவை அடகுக்குப் போயிருக்கிறது. நான்கு தடவையும் மீட்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி கஷ்டப்பட்டவன், நடுநடுவே கையில் காசு புரண்டவன். வாட்ஸனின் இறந்துபோன தமையனுடைய வாழ்க்கை பூராவும் அந்த நாலு கீறலில் அடங்கிவிடுகிறது. புதையல், கொலை, விஷ முள் எல்லாம் அதே நாவலில் பின்னால் வருகின்றன. எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

நம்முடைய துப்பறியும் நாவல்களில் இப்படி ஒரு பக்கம் கிடைப்பது அபூர்வம். வில்லனின் கையில் கைத்துப்பாக்கி பளபளக்கும், கதாநாயகி ‘வீல்’ என்று அலறுவாள், அத்தியாயம் முடிந்துவிடும். அந்தத் துப்பாக்கியின் மேல் என்ன எழுதியிருந்தது என்று எந்தத் துப்பறிகிறவரும் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எழுதியிருக்கும் என்பதே நம் ஆசிரியர்களில் பலருக்குத் தெரியாதோ என்னவோ. ராணுவத்துக்காகச் செய்த ஒரு பழைய கைத்துப்பாக்கியில் சாதாரணமாக இருபது முப்பது இடத்தில் எழுத்தோ, எண்ணோ, சின்னமோ குத்தப்பட்டிருக்கும். செய்த தொழிற்சாலை, செய்த வருஷம், சோதித்த அதிகாரி, வைத்திருந்த படைப்பிரிவு என்று அத்தனையும் அதில் இருக்கும். நம் வீட்டுப் பித்தளைக் குடத்தில் பெயரும் ஊரும் வெட்டியிருப்பதைப் போலத்தான். குடத்தில் பெயர் வெட்டுவது கல்யாண வீட்டில் மாறிப் போகாமலிருப்பதற்கு. துப்பாக்கியில் வெட்டுவதற்குக் காரணங்கள் இன்னும் கொஞ்சம் சிக்கலானவை.

இந்த எழுத்துக்களை வாசிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு கூட்டம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. நான் துப்பாக்கி வைத்திருப்பவனும் அல்ல, வைத்துக்கொள்ள ஆசைப்படுபவனும் அல்ல. என்னிடம் உள்ளவை அவர்கள் எழுதிய புத்தகங்களும், ஏலக் கம்பெனிகளின் பட்டியல்களுந்தான். இலக்கிய விமர்சனம் என்று நாம் வழங்குகிற பலவற்றைக் காட்டிலும் கவனமாக எழுதப்பட்டவை அவை. அதனால், ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதைப்போல, இந்த வாசிப்பைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். சிங்கர் தையல் மிஷினைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? இரண்டாவது உலக யுத்தம் அமெரிக்காவை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், அதுவரை துப்பாக்கியே செய்திராத கம்பெனிகளுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்க வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் முடிவு செய்தது. சிங்கர் கம்பெனிக்கு 1940-ல் 500 கைத்துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பாடம் கற்பதற்காகக் கொடுத்த ஆர்டர் என்றே அதற்குப் பெயர். அவர்கள் செய்து கொடுத்தார்கள். தையல் மிஷின்காரர்களின் கைவேலை எவ்வளவு சுத்தமென்று கண்ட ராணுவம், இவர்களைத் துப்பாக்கியில் வீணாக்கக்கூடாது என்று, விமானங்களைச் சுடும் பீரங்கிகளுக்கு இலக்குக் கணிக்கும் கருவிகளைச் செய்யும்படி மாற்றிவிட்டது. துப்பாக்கி வேலை மற்றவர்களுக்குப் போயிற்று. அந்த மற்றவர்களில் ஒருவர் ரெமிங்டன் ராண்ட், அதாவது நம் ஆபீஸ்களில் தட்டெழுதிய மிஷினைச் செய்த அதே கம்பெனி. யுத்தம் முடிவதற்குள் எட்டு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். ரயில்வே சிக்னல் செய்கிற கம்பெனி ஒன்றும் இதே துப்பாக்கியைச் செய்தது.

எல்லாம் ஒரே மாதிரி. 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு பிறகு சிறிது திருத்திய பிஸ்டல். ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் மாட்டலாம். மாட்டவேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனை. சுடுவதில் வித்தியாசமில்லை. வித்தியாசம் மேல்பாகத்தில் குத்தியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. சிங்கர் என்றிருந்த ஒன்று 2017-ல் அமெரிக்க ஏலமொன்றில் நாலு லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. தட்டெழுத்துக் கம்பெனியின் பெயர் இருப்பது அதில் நூற்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

இதைப் படித்தவுடன் பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கத் தோன்றும். நான் சிரிக்க மாட்டேன். முதற்பதிப்புக்கு அலைகிற புத்தகப் பிரியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஐந்நூறு பிரதிதான் அச்சானது என்றால் ஐந்நூறுக்குள் ஒன்று வேண்டும் என்பது மனித சுபாவம். நான் கவனித்தது வேறு. அத்தனை விலை போகிற சிங்கர் துப்பாக்கியில் சேகரிப்பவன் எதிர்பார்க்கிற முதல் தகுதி, அது யுத்தத்தைப் பார்க்காமலிருக்க வேண்டும் என்பது! மேல்பாகம், உடல், குழல் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்கவேண்டும். உண்மையாகப் போர்முனைக்குப் போன துப்பாக்கி தேய்ந்திருக்கும், உடைந்திருக்கும், ராணுவப் பட்டறைக்கு வந்து வேறொரு துப்பாக்கியின் பாகத்தை வாங்கிக்கொண்டிருக்கும். பழுது பார்த்த பட்டறை தன் பெயரின் முதலெழுத்துக்களை அதன்மேல் குத்தியும் இருக்கும். அந்த எழுத்தைக் கண்டால் விலை இறங்கிவிடுகிறது. மேஜை டிராயரில் தூங்கிக் கிடந்தது உயர்ந்த ஜாதி. வேலை செய்தது தாழ்ந்த ஜாதி. விமர்சகன் என்ற முறையில் இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெர்மன் லூகர் பிஸ்டலுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. சினிமாவில் ஜெர்மன் ஆபீசர் என்றால் கையில் இதுதான் இருக்கும்; பின்பக்கம் முழங்கால் போல மடங்கி எழும்புகிற ஒரு மூட்டு உண்டு. 1900-ல் ஸ்விட்சர்லாந்து ராணுவமும், 1904-ல் ஜெர்மன் கடற்படையும், 1908-ல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றுக்கொண்ட பிஸ்டல். ஜெர்மன்காரர்கள் ஆயுதங்களில் முத்திரை குத்துவது எப்படி என்பதற்கென்றே விதிப் புத்தகம் போட்டவர்கள். 1877-ல் ஒன்று, 1909-ல் ஒன்று. எந்த ரெஜிமெண்ட், அதில் எத்தனையாவது கம்பெனி, அந்தக் கம்பெனியில் இது எத்தனையாவது ஆயுதம் என்று வரிசையாகக் கைப்பிடியின் முன்பக்கத்தில் குத்தச் சொல்கிறது அந்த விதி. ஆறாவது கம்பெனியின் பன்னிரண்டாவது பிஸ்டல் என்று படிக்கிறபோது, ஒரு நாவலாசிரியனுக்கு மனம் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. பதினொன்றை வைத்திருந்தவன் யார்? பன்னிரண்டு எப்படி ஒரு அமெரிக்கக் குடியானவனின் பரணுக்குப் போயிற்று?

மூட்டுக்கு முன்னால், குழல் பொருந்துகிற இடத்தின் தலையில் வருஷம் குத்தியிருக்கும். 1918 என்று ஒரு வருஷம். அதற்குமேல் 1920 என்று இன்னொரு வருஷம். இப்படி இரட்டை வருஷம் போட்ட லூகர்கள் நிறைய உண்டு. இரண்டு தடவை செய்தார்களா என்று கேட்கத் தோன்றும். முதல் யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபின், ஊர் முழுவதும் துப்பாக்கிகள் இறைந்து கிடந்தன. வீடு திரும்பிய சிப்பாய்கள் பலர் ஆயுதத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். வீதியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜனங்களிடமுள்ள ஆயுதங்களைத் திரும்பப் பெற 1920-ல் சட்டம் போட்டார்கள். எது சர்க்கார் சொத்து, எது திருட்டுச் சொத்து என்று தெரியவேண்டாமா? சர்க்காரிடம் இருந்தவற்றின்மேல் 1920 என்று குத்தினார்கள். ஆக, இரண்டாவது எண் வருஷத்தைக் குறித்தாலும் அது பிறந்த தேதி ஆகாது. ஒரு தேசம் தன் வீட்டுச் சாமானை எண்ணிப் பார்த்த தேதி.

அடுத்தது இன்னும் விசேஷம். வெர்ஸேல்ஸ் ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவம் ஒரு லட்சம் பேருக்கு மேல் போகக்கூடாது. ஆயுதம் செய்வதற்கும் கட்டுப்பாடு. ராணுவத்துக்கு லூகர் செய்யும் அனுமதி ஸூல் நகரத்தில் ‘ஸிம்ஸன்’ என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. ஒரு யூதக் குடும்பத்தின் கம்பெனி அது. அவர்கள் செய்த பிஸ்டலில் கம்பெனியின் பெயரும் ஊரும் மூட்டின்மேல் பகிரங்கமாக இருக்கும். ஹிட்லர் வந்தான். 1936-க்குள் அந்தக் குடும்பத்திடமிருந்து தொழிற்சாலையைப் பறித்தாயிற்று. குடும்பம் நாட்டைவிட்டு ஓடிற்று. பிஸ்டல்மேல் அந்தப் பெயர் அப்புறம் வரவில்லை. இதற்கிடையில் ஒப்பந்தத்தை மீறி மௌஸர் தொழிற்சாலையில் லூகர் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பெயர் போட்டால் பிடிபடும் என்பதால் ‘எஸ்/42’ என்று ஒரு குறி. வருஷம் போட்டால் எவ்வளவு வேகமாகச் செய்கிறார்கள் என்று வெளியே தெரிந்துவிடும் என்பதால் 1934-க்கு ‘கே’ என்ற ஓரெழுத்து, 1935-க்கு ‘ஜி’ என்ற ஓரெழுத்து. அந்த 1935 மார்ச்சில் ஹிட்லர் ஒப்பந்தத்தை உதறிவிட்டதாக உலகத்துக்கே அறிவித்தான். 1936 முதல் வருஷம் நாலு இலக்கத்தில் தைரியமாக வந்துவிடுகிறது.

சேகரிப்பவர்களின் புத்தகங்களில் ‘கே தேதி’, ‘ஜி தேதி’ என்று இவற்றுக்குத் தனித்தனித் தலைப்புண்டு. ‘கே’ குறைவாகக் கிடைக்கும், விலை அதிகம். ‘ஜி’ நிறையக் கிடைக்கும்; விலை மட்டம். அவ்வளவுதான் விளக்கம். ஒரு எழுத்துக்குள் ஒரு சர்க்காரின் பொய் ஒளிந்திருக்கிறது. அந்தப் பொய்யை மூடிவைக்க வேண்டிய அவசியம் எந்த மாதம் தீர்ந்துபோயிற்று என்பதும் அதில் தெரிகிறது. சரித்திரப் பேராசிரியர் ஒரு அத்தியாயம் எழுதுகிற விஷயத்தை விலைப்பட்டியலில் ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இவர்களுக்கு இணையே கிடையாது. படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது என்று ஒன்று உண்டே, அது மட்டும் இவர்களுக்கு வருவதில்லை.

எழுத்துக்கூட்டுவதில் இவர்களுடைய நுட்பத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. லூகரின் பாகங்களைக் கையால் ராவி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். பழுது பார்க்கிறபோது கலந்துவிடாமலிருக்க, முழு நம்பரை உடலிலும் குழலிலும் குத்திவிட்டு, அதன் கடைசி இரண்டு இலக்கத்தைச் சின்னச் சின்னப் பாகங்களிலெல்லாம் குத்தினார்கள். தோட்டாக்களை அடுக்குகிற மாகஸின் கூட்டின் அடியிலும் நம்பர் உண்டு. சிப்பாய்க்குக் கொடுக்கிற இரண்டு மாகஸினில் உபரியானதற்கு ஒரு கூட்டல் குறி சேர்ந்திருக்கும். எல்லா நம்பரும் ஒத்துப்போனால் ‘ஜோடி சேர்ந்தது’ என்று கொண்டாடுகிறார்கள். ஒரு சின்ன நெம்புகோலில் நம்பர் மாறியிருந்தால் விலை சரிந்துவிடும்.

விலை இப்படிச் சரிகிறதென்றால் அதைத் தூக்கி நிறுத்த ஆளும் வருவான் அல்லவா? மாறிப்போன நம்பரை ராவிவிட்டுச் சரியான நம்பரைக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய அச்சின் உருவத்தில் புது அச்சுகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். இவர்களைப் பிடிக்கிற முறைகளைப் படிக்கும்போதுதான் எனக்கு இந்த வாசிப்பில் மதிப்பு ஏற்பட்டது. சில முத்திரைகளை நீலமெருகு ஏற்றியபின் குத்துவார்கள். அப்போது உலோகம் பிதுங்கி, எழுத்தைச் சுற்றி ஒரு வெளிறிய ஒளிவட்டம் விழும். நீலத்துக்கு முன் குத்தியதில் அது இருக்காது. வட்டம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் யாரோ பின்னால் மறுபடி மெருகேற்றியிருக்கிறார்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் கரைந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். எட்டு என்ற இலக்கத்தின் மேல்வட்டம் அந்த வருஷத்து அச்சில் எவ்வளவு சிறியது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு இது மூலம், இது பாடபேதம், இது பிற்காலத்தவன் செருகியது என்று பிரிக்கிற பதிப்பாசிரியரின் வேலைதான் இது. நம் பழைய நூல்களில் கைவைத்தவர்களைப் பிடிக்க இவ்வளவு பேர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெருமூச்சு விட்டேன்.

வியாபாரி கட்டுகிற கதையும் இதில் உண்டு. 1941, 1942-ல் மௌஸரில் செய்து, ‘பி.ஒய்.எஃப்.’ என்ற குறியும் கறுப்புப் பேக்லைட் கைப்பிடியும் கொண்ட லூகருக்குச் சந்தையில் ‘கறுப்பு விதவை’ என்று பெயர். ஏதோ ரகசியப் படைக்காகச் செய்ததுபோலக் கேட்கிறது. ஜெர்மன் ராணுவத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. யுத்தத்துக்குப் பிறகு விற்பனைக்காக ஒட்டிய பெயர். அட்டைப்படம் நன்றாக இருந்தால் நாவல் விற்கிறது, இதுவும் அப்படித்தான்.

ஜப்பானியப் பிஸ்டல்களைப் பற்றி ஒரே ஒரு தேதி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அவர்கள் சக்கரவர்த்தியின் ஆட்சி வருஷத்தைப் போடுவார்கள். தைஷோ 14-ல், அதாவது 1925-ல், ஏற்றதால் ‘பதினான்காம் மாதிரி’ என்று பெயர் பெற்ற பிஸ்டலில், ஷோவா ஆட்சியின் வருஷமும் மாதமும் புள்ளி வைத்துக் குத்தியிருக்கும். 15.6 என்றால் 1940 ஜூன். கடைசியாகக் காணப்படும் தேதி 20.8. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1945 ஆகஸ்ட். ஹிரோஷிமாவும் நாகஸாகியும் எரிந்த மாதம், சரணடைந்த மாதம். அந்த மாதத்திலும் ஒருவன் அச்சை நிமிர்த்தி வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறான்.

பிரிட்டிஷாரின் அகன்ற அம்புக்குறி நம் பக்கத்துப் பழைய ஆயுதங்களிலும் உண்டு. அம்புக்குக் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் இந்திய சர்க்காரின் சொத்து. ராணுவத்திலிருந்து கழித்து விற்றதற்கு இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்கும். வெப்லி ரிவால்வர்களில் பார்க்கலாம். நேர்மையான, சலிப்பூட்டுகிற கணக்குப்பிள்ளைத்தனம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நம்பர் என்பதற்கு வேறொரு கனமும் உண்டு. 1914 ஜூன் 28-ந் தேதி ஸராயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் காவ்ரிலோ பிரின்ஸிப் சுட்டுக்கொன்ற பிஸ்டல், பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். எந்த மாதிரி பிரௌனிங் என்பதில் வெகுகாலம் தப்பாகவே எழுதிவந்தார்கள். 1900 மாதிரி என்றார்கள். உண்மையில் அது 1910 மாதிரி. இறந்துகொண்டிருந்த தம்பதிக்கு இறுதிச் சடங்கு செய்த பாதிரியார் அந்தப் பிஸ்டலைத் தம்மிடம் வைத்திருந்தார். அவர் 1926-ல் காலமான பிறகு ஏசுசபைப் பாதிரிமார்களின் மடத்தில் கிடந்தது. 2004-ல் வியன்னாவின் ராணுவ மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. பழைய பிஸ்டலைக் காட்டி இதுதான் அது என்று யாரும் சொல்லலாம். 19074 என்ற நம்பர் இருந்ததால்தான் சொன்னதை நம்ப முடிகிறது. கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற யுத்தத்துக்குத் திரி கொளுத்திய சாமான் எது என்பதற்கு அந்த ஐந்து இலக்கந்தான் சாட்சி.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே வேறொரு நம்பருக்காக. போலந்து தேசத்தில் ராடோம் என்று ஒரு ஊர். அங்கே இருந்த சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1930-களில் ‘விஸ்’ என்ற பிஸ்டலைச் செய்தார்கள். அமைத்தவர்கள் இரண்டு பேர். இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் சேர்த்து முதலில் பெயர் வைத்து, பிறகு லத்தீனில் ‘பலம்’ என்று பொருள்படும்படி ஓரெழுத்தை மாற்றினார்கள். மிக நேர்த்தியான வேலைப்பாடு. மேல்பாகத்தில் தொழிற்சாலைப் பெயர், வருஷம், நடுவில் கிரீடம் வைத்த போலந்துக் கழுகு. 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தை விழுங்கிற்று. தொழிற்சாலையை ஆஸ்திரியாவின் ஸ்டைர் கம்பெனியிடம் ஒப்படைத்து, அதே தொழிலாளிகளைக்கொண்டு அதே பிஸ்டலைத் தங்கள் ராணுவத்துக்காகச் செய்யச் சொன்னார்கள். கழுகு போயிற்று. ‘பி.35(பி)’ என்று ஜெர்மன் கணக்கில் ஒரு பெயர் வந்தது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்து, இது போலந்துச் சாமான் என்பதற்கு. பக்கத்தில் ஜெர்மன் கழுகும் 77 என்ற சோதனை அதிகாரியின் எண்ணும் வந்தன.

தொழிலாளிகள் பிஸ்டல்களைத் துண்டு துண்டாக வெளியே கடத்தினார்கள். தலைமறைவாக இருந்த எதிர்ப்புப் படைக்கு அவை போய்ச் சேர்ந்தன. கணக்கில் துண்டு விழாமலிருக்க வேண்டுமே? ஒரே நம்பரை இரண்டு பிஸ்டல்களில் குத்தினார்கள். ஒன்று ஜெர்மன் கணக்குப் புத்தகத்தில் ஏறிற்று. அதன் இரட்டை, சாப்பாட்டு மூட்டையிலோ சட்டைக்குள்ளேயோ தொழிற்சாலை வாசலைத் தாண்டிற்று. 1942-ல் ஜெர்மன்காரர்களின் கையில் சில விஸ் பிஸ்டல்கள் அகப்பட்டன. நம்பரைப் படித்தார்கள். அவர்களும் நன்றாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்த வருஷம் அக்டோபரில் ராடோமிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழிலாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாக ஏறக்குறைய ஐம்பது பேரைப் பகிரங்கமாகத் தூக்கில் போட்டார்கள். தூக்குமரம் நின்ற இடங்களில் தொழிற்சாலையும் ஒன்று.

என் கையிலுள்ள பட்டியல்களில் விஸ் பிஸ்டலைப் பார்க்கிறேன். போலந்துக் கழுகு உள்ளதற்குத்தான் முதல் இடம், அது நியாயம். ஜெர்மன் ஆட்சிக்காலத்ததை ஒன்றாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று பிரித்திருக்கிறார்கள். கைப்பிடியின் பின்னால் தோள்கட்டை மாட்டுகிற பள்ளம் இருக்கிறதா, கழற்ற உதவுகிற நெம்புகோல் இருக்கிறதா, மரக் கைப்பிடியா, கறுப்புக் கைப்பிடியா என்பதைப் பொறுத்து வகை. எல்லாம் சரியான விவரங்கள். நெம்புகோலை எடுத்துவிட்டது வேலையைச் சுருக்குவதற்காக என்பதையும் மறக்காமல் சொல்கிறார்கள். ஒரே நம்பருள்ள இரண்டு பிஸ்டல்கள் இன்று இவர்களிடம் வந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். நம்பர் சாஸ்திரத்தின் முதல் விதிப்படி ஒன்று போலி. போலி என்று தீர்ந்துவிட்டால் அதற்கு விலை கிடையாது. விலை கிடையாதது பட்டியலில் ஏறாது. ஐம்பது பேர் எந்த நம்பருக்காகத் தொங்கினார்களோ, அந்த நம்பர் இவர்களுடைய நல்ல முறைகளாலேயே கழிந்துபோகும்.

சேகரிப்பவர்களை நான் கண்டிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எந்த எழுத்து எந்த வருஷம் குத்தியது என்பதே நமக்குத் தெரிந்திராது. ராடோம் இரட்டைகளைப் பற்றி அறிந்ததும் அவர்கள் புத்தகத்திலிருந்துதான். ஒரு வரி, இரண்டு வரி. பிறகு மறுபடி நெம்புகோல். அந்த இரண்டு வரியை எழுதியவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் ஏன் அங்கே நிற்கவில்லை என்பதுதான் என் கேள்வி. மூலபாடத்தைப் பிழையில்லாமல் நிர்ணயித்துவிட்டு, பாட்டு எதைப் பற்றியது என்று கேட்காமலே போய்விடுகிற பதிப்பாசிரியர்களை நமக்குத் தெரியும்.

கடத்தலைத் தடுக்க ஜெர்மன்காரர்கள் செய்த ஏற்பாட்டையும் பிஸ்டல்களே காட்டுகின்றன. குழலை ராடோமில் செய்யவிடவில்லை. குழல் இல்லாத உடல்களை ஆஸ்திரியாவுக்கு அனுப்பி, ஸ்டைரில் குழல் பொருத்தினார்கள். குழல் இல்லாவிட்டால் பிஸ்டல் வெறும் இரும்புதானே? போலந்துக்காரர்கள் குழலை வார்சாவில் ரகசியமாகச் செய்துகொண்டார்கள். ஸோவியத் படை நெருங்கிய சமயத்தில் யந்திரங்களையும் மிச்சப் பாகங்களையும் ஆஸ்திரியாவுக்கே எடுத்துப் போய், 1945-ல் கடைசி விஸ் பிஸ்டல்களை அங்கே முடித்தார்கள். மெருகில்லாமல், முரட்டுத்தனமாக, அவசரத்தில் செய்தவை. மேலே ‘பி.என்.இஸட்.’ என்ற ஸ்டைர் கம்பெனியின் ரகசியக் குறி மட்டும் இருக்கும். எண்ணிக்கை குறைவானதால் பட்டியல்களில் அவற்றுக்கு விலை அதிகம். ராடோம் என்ற பெயர் அவற்றில் இல்லை.